குதிரைப் பந்தயம்: ஜெயிக்கிற குதிரையை முன்பே கணிக்க முடியுமா? ரேஸ் கார்டு சொல்வது என்ன, கணக்கு இடிப்பது எங்கே?

"இன்னிக்கு 5ஆம் ரேஸ், 7ஆம் நம்பர். கண்ணை மூடிட்டு போடுங்க சார்." அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து டீக்கடையில் நிற்கும் ஒருவருடைய மொபைலுக்கு இப்படி ஒரு மெசேஜ் வருகிறது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆனால் போன வாரம் அவர் சொன்ன குதிரை ஜெயித்தது. அதற்கு முந்தைய முறையும் ஜெயித்தது. மூன்றாவது டிப்புக்கு மட்டும் 2,000 ரூபாய் கேட்கிறார்.

இவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்கும் குதிரையைக் கணிக்க உண்மையிலேயே வழி இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் கணிப்பது வேறு, அதில் காசு பார்ப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் பலருடைய சம்பளம் விழுகிறது.

கோர்ட் சொன்னது என்ன?

கிண்டியில் குதிரைப் பந்தயம் தொடங்கியது 1777ல். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896ல் உருவானது. குடும்பங்களை அழிக்கும் சூதாட்டம் என்று சொல்லி, 1974ல் கருணாநிதி ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. 1986ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

1996 ஜனவரி 12 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கு, ஆன்லைன் ரம்மி வழக்குகள் வரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. குதிரைப் பந்தயம் பெரும்பகுதி திறமை சார்ந்தது, அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டம் இல்லை என்றது கோர்ட். குதிரையின் பழைய ஓட்டங்கள், உடல்தகுதி, அதன் பிறவித் திறன், ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகிய எல்லாமே ஆராய்ந்து மதிப்பிடக்கூடியவை என்பது தீர்ப்பின் அடிப்படை.

கவனித்தால், ரேஸ் பார்ப்பவர்கள் காலையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்க்கும் விஷயங்களும் இவையேதான். ஆனால் "திறமை" என்று கோர்ட் சொன்னதை "ஜெயிக்கலாம்" என்று பலர் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பில் அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது.

ரேஸ் கார்டை எப்படிப் படிப்பது?

ஒரு நாளில் வழக்கமாக ஆறு முதல் ஒன்பது ரேஸ் வரை நடக்கும். ஒவ்வொரு ரேஸுக்கும் கார்டில் ஒரு தலைப்பு இருக்கும். "1,200 மீ., ரேட்டிங் 40 முதல் 65" என்று போட்டிருந்தால், அந்த ரேட்டிங் உள்ள குதிரைகள் மட்டும் அதில் ஓடும் என்று அர்த்தம். கீழே குதிரைகளின் பெயர், தாய் தந்தை, வயது, டிரெய்னர், ஜாக்கி, எடை, எந்தக் கதவிலிருந்து கிளம்பும் என்ற டிரா நம்பர், கடைசி சில ஓட்டங்கள் ஆகியவை வரிசையாக வரும்.

புதிதாகப் பார்ப்பவர் முதலில் தேடுவது, போன தடவை எது ஜெயித்தது என்பதைத்தான். தப்பு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

காரணம் ஹேண்டிகேப். நல்ல குதிரையும் சுமாரான குதிரையும் ஒன்றாக ஓடினால் முடிவு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், யார் பணம் கட்டுவார்கள்? அதனால் நல்ல குதிரையின் முதுகில் அதிக எடை ஏற்றுகிறார்கள். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. 65 ரேட்டிங் உள்ள குதிரை 62 கிலோ சுமந்தால், 40 ரேட்டிங் உள்ளது 49.5 கிலோ சுமக்கும். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்த எடை இது. குறைந்தால் ஈயத்துண்டு வைத்து நிரப்புவார்கள், ரேஸ் முடிந்ததும் மறுபடி எடை போட்டுப் பார்ப்பார்கள்.

இந்த எடையை முடிவு செய்ய கிளப்பில் ஒரு அதிகாரி இருக்கிறார். ஹேண்டிகேப்பர் என்று பெயர். அவருடைய வேலையே எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடியும்படி எடையைப் பங்கிடுவது. அதாவது, நீங்கள் ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்கும் ஒரு நிபுணரோடுதான் மோதுகிறீர்கள்!

ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். கற்பனையாக இரண்டு குதிரைகள், 1,200 மீட்டர் ரேஸ்.

3ஆம் நம்பர்: போன தடவை இதே தூரத்தில், இதே பிரிவில் முதலிடம். ஜெயித்த இடைவெளி அரை குதிரை நீளம். அப்போது ரேட்டிங் 54, சுமந்தது 57 கிலோ. ஜெயித்ததால் ரேட்டிங் 60 ஆனது. இன்று 60 கிலோ.

7ஆம் நம்பர்: போன தடவை ஆறாம் இடம். இன்று 55 கிலோ.

பார்த்தவுடன் 3ஆம் நம்பர்தான் என்று தோன்றும். ஆனால் 7ஆம் நம்பரின் அந்த ஆறாம் இடம் 1,600 மீட்டரில் வந்தது. 1,200 வரை முன்னணியில் ஓடி, கடைசி 400 மீட்டரில் மூச்சு வாங்கிப் பின்தங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய ஓட்டம் 1,200 மீட்டரில் இரண்டாம் இடம். இன்று மறுபடி தனக்குப் பிடித்த தூரத்துக்கு வந்திருக்கிறது. போன தடவை ஏறியவர் பயிற்சி நிலை ஜாக்கி, இன்று அனுபவஸ்தர். 3ஆம் நம்பரோ அரை நீளத்தில் தப்பித்து ஜெயித்தது, இன்று அதன் முதுகில் மூன்று கிலோ கூடுதல். இந்த தூரத்தில் ஒரு குதிரை நீளம் என்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று கிலோ சும்மா விஷயம் கிடையாது.

ஆக, கார்டில் இருக்கும் "6" என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் ரேஸில் திறமைசாலி.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மைதானம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை பெனட்ரோமீட்டர் என்ற கருவியைத் தரையில் இறக்கி அளந்து அறிவிப்பார்கள். சென்னையில் சீசன் நேரத்திலேயே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுவதால் இது முக்கியம். காய்ந்த தரையில் பறக்கும் குதிரை, ஈரத்தில் தடுமாறலாம். பக்கத்தில் வரும் குதிரையைப் பார்த்து மிரளும் குதிரைக்கு பிளிங்கர் எனப்படும் கண்மறைப்பு மாட்டுவார்கள். முதல் முறை மாட்டும்போது ஓட்டம் தலைகீழாக மாறுவதும் உண்டு. காலைப் பயிற்சி ஓட்டங்களின் நேரமும் வெளியாகும். அதில் ஒரு சிக்கல், குதிரையை முழு வேகத்தில் விட்டார்களா, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்களா என்பது நேரத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

கடைசியாக, ரேஸுக்குக் கொஞ்ச நேரம் முன்பு குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக். அங்கே அளவுக்கு மீறி வியர்த்து, தலையை ஆட்டி அடம்பிடிக்கும் குதிரை ஓடுவதற்கு முன்பே பாதி தெம்பைச் செலவழித்துவிட்டது என்று பழைய ஆட்கள் ஒதுக்கிவிடுவார்கள். மொபைலில் டிப் வாங்குபவருக்கு இந்தக் காட்சி கிடைக்கவே கிடைக்காது.

ஃபேவரிட் எத்தனை தடவை ஜெயிக்கும்?

அதிகப் பேர் பணம் கட்டும் குதிரைக்கு ஃபேவரிட் என்று பெயர். உலகின் பல நாடுகளில் பல ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தால், ஏறக்குறைய மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஃபேவரிட் ஜெயிக்கிறது. கூட்டத்தின் கணிப்பு அவ்வளவு மோசமில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். ஆயிரக்கணக்கானவர்கள் அதே கார்டைப் படித்து, அதே பேடக்கைப் பார்த்துக் கட்டிய பணம் அது.

ஆனால் அதே காரணத்தால் ஃபேவரிட்டுக்குக் கிடைக்கும் விலை குறைவு. டோட்டில் கட்டினால், மொத்தமாக விழுந்த பணத்தில் பிடித்தம் போக மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எல்லோரும் ஒரே குதிரையில் கட்டியிருந்தால் பங்கு சிறுத்துப்போகும். புக்கியிடம் கட்டினால், கட்டும் நேரத்தில் சொன்ன விலை கடைசிவரை மாறாது. எதுவானாலும், 7ஆம் நம்பர் நல்ல குதிரை என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஊருக்கும் தெரிந்திருந்தால், அந்தத் தகவலுக்கு மதிப்பில்லை. ஊருக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ரேஸில் ஊறியவர்கள் "எது ஜெயிக்கும்" என்று மட்டும் கேட்பதில்லை. "இந்த விலைக்கு இது தேறுமா" என்றும் கேட்பார்கள். ஒன்பது ரேஸில் ஐந்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். புதியவருக்கு அது முடியாது. பூந்தமல்லியில் 54ஆம் நம்பர் பஸ் ஏறி, அல்லது ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்து கிண்டிக்குப் போனவர், சும்மா பார்த்துவிட்டு வரவா போனார்?

கணக்கு எங்கே இடிக்கிறது?

இப்போது வரி. 2023 அக்டோபர் 1 முதல் பெட்டின் முழு முக மதிப்பின் மேல் 28% ஜிஎஸ்டி என்பது உறுதியானது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40% ஆக உயர்ந்தது. ஜெயித்த பணத்துக்கு மட்டும் போடும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஜெயித்தாலும் தோற்றாலும் கட்டும் தொகைக்கே வரி. 100 ரூபாய் பெட் என்றால் கையிலிருந்து போவது 140 ரூபாய்.

ஒருவர் ஒன்பது ரேஸிலும் ஃபேவரிட் மேலேயே தலா 100 ரூபாய் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ஒன்றுக்கு இரண்டு. ஜெயித்தால் 200 லாபமும் போட்ட 100ம் சேர்ந்து 300 வரும். மூன்றில் ஒன்று என்ற கணக்குப்படி அவருக்கு மூன்று ரேஸ் ஜெயிக்கிறது. வரவு 900 ரூபாய்.

வரி இல்லாவிட்டால் செலவும் 900. வந்ததும் போனதும் சரி. வரியோடு செலவு 1,260. பாதகமில்லாமல் கணித்த ஒரு நாளிலேயே 360 ரூபாய் காலி.

இந்த விலையில் நஷ்டமில்லாமல் வெளியே வரவே 100 ரேஸில் 47 ரேஸ் ஜெயிக்க வேண்டும். ஊர் மொத்தமும் சேர்ந்து கணித்தே 33 சொச்சம்தான் ஜெயிக்கிறது. அதாவது கூட்டத்தைவிடக் கொஞ்சம் நன்றாகக் கணித்தால் போதாது. இங்கே திறமை இருந்தும் தோற்கலாம்.

இதற்குமேல் வருமான வரி உண்டு. பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு 30% வரி. 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். போன வாரம் 20,000 விட்டேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. நஷ்டத்தை ஈடுகட்டச் சட்டத்தில் இடமில்லை.

அப்படியானால் யாருமே ஜெயித்ததில்லையா? ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த பில் பென்டர், ஆலன் வுட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1980களின் நடுவில் ஹாங்காங் போனார். ஒவ்வொரு குதிரைக்கும் பல விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார். முதல் சில ஆண்டுகள் நஷ்டம்தான். பிறகு கோடிகளில் சம்பாதித்தார். 1994ல் தன் முறையை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அதில் முக்கியமான விஷயம், அவருடைய மாடல் தனியாக வேலை செய்யவில்லை. கூட்டத்தின் கணிப்பையும், அதாவது விலையையும், உள்ளே சேர்த்த பிறகே கணக்கு நிமிர்ந்தது. முழுநேர ஆட்கள், கம்ப்யூட்டர், பல வருட டேட்டா எல்லாம் அவரிடம் இருந்தன. ஹாங்காங்கில் பிடித்தம் 20 சதவீதத்துக்கும் கீழே. நம்மூரில் டிக்கெட் வாங்கும்போதே 40.

கடைசி ரேஸ் ஏன் ஆபத்து?

1956ல் மெக்லாத்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர் பந்தய விவரங்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். சாயங்காலம் ஆக ஆக, குறிப்பாகக் கடைசி ரேஸில், ஜெயிக்க வாய்ப்பே குறைந்த குதிரைகளின் மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. அதுவரை விட்டதை ஒரே அடியில் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஃபேவரிட் ஜெயித்தால் அந்த அளவு வராது, அதனால் ஒன்றுக்கு இருபது கொடுக்கும் குதிரை.

காலையில் கார்டை வரிவரியாகப் படித்தவர்கூட அந்த நேரத்தில் எடை, தூரம், ஜாக்கி எதையும் பார்ப்பதில்லை. விலையை மட்டும் பார்க்கிறார். கோர்ட் சொன்ன "திறமை" மதியம் இரண்டரை மணிக்கு இருந்தாலும், ஐந்தரைக்கு இருப்பதில்லை.

ஜாக்பாட்டும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். தொடர்ச்சியாக ஐந்து ரேஸில் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் எட்டுக் குதிரை என்றால் மொத்தம் 32,768 சேர்க்கைகள். அதில் ஒன்று சரி.

எங்கே பந்தயம் கட்டலாம், எங்கே குற்றம்?

சென்னை நகரக் காவல் சட்டம், தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இரண்டிலும் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனையோடு. ரேஸ் நடக்கும் அதே நாளில், ரேஸ் மைதான வளாகத்துக்குள், அரசு அனுமதியோடு ஒதுக்கப்பட்ட இடத்தில் கட்டினால் மட்டுமே விலக்கு. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு கடை மாடியில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுப்பவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. அவரிடம் ஜெயித்தாலும் பணத்தைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழியில்லை. வரி இல்லை என்பதுதான் அவர் காட்டும் கவர்ச்சி. ஜெயித்தவுடன் ஆளைக் காணோம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆன்லைன் பக்கம் பார்த்தால், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமை விளையாட்டா, அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டையே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. 1996 தீர்ப்பைக் காட்டி "நம்ம ஆப் லீகல்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவது நல்லது.

கிண்டி மைதானமே இப்போது வேறு ஒரு வழக்கில் இருக்கிறது. 730.86 கோடி ரூபாய் வாடகை பாக்கியைக் கட்டும்படி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் 160.86 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து அரசு சீல் வைத்தது. அந்த விவகாரம் மறுபடி கோர்ட்டுக்குப் போனது. ஆனால் டிப் விற்பவர்களுக்குக் கிண்டி தேவையே இல்லை. பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று ஏதாவது ஒரு ஊரில் ரேஸ் நடந்தால் போதும்.

இரண்டு தடவை சரியாகச் சொன்னது எப்படி?

டீக்கடையில் மெசேஜ் வாங்கியவரிடம் திரும்பி வருவோம். அவருக்கு வந்த இரண்டு டிப்பும் பலித்தது உண்மை. இப்படி நடக்கலாம்:

ஒருவர் 640 நம்பர்களுக்கு மெசேஜ் அனுப்புகிறார். எட்டுக் குதிரை ஓடும் ரேஸ். 80 பேருக்கு 1ஆம் நம்பர், அடுத்த 80 பேருக்கு 2ஆம் நம்பர் என்று எட்டுப் பிரிவாக வெவ்வேறு குதிரையைச் சொல்கிறார். ஏதோ ஒரு குதிரை ஜெயித்தே ஆக வேண்டும். 80 பேருக்கு டிப் பலித்துவிடும். மீதி 560 பேரை மறந்துவிடுகிறார். அடுத்த ரேஸில் அந்த 80 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து மறுபடி எட்டுக் குதிரை. இப்போது பத்துப் பேருக்கு இரண்டு டிப்பும் தொடர்ந்து பலித்திருக்கும். அந்தப் பத்துப் பேருக்கு அவர் கிட்டத்தட்ட கடவுள். மூன்றாவது டிப்புக்குத்தான் காசு.

இவர் ரேஸ் கார்டைத் திறந்தே பார்க்கத் தேவையில்லை. எடை, தூரம், ஜாக்கி எதுவும் தெரிய வேண்டாம். எட்டால் வகுக்கத் தெரிந்தால் போதும். அந்தப் பத்துப் பேரும் மற்ற 630 பேரை ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை.

"உள்ளே ஆள் இருக்கு, ரேஸ் ஃபிக்ஸ்" என்பது இன்னொரு வசனம். ஜாக்கி வேண்டுமென்றே குதிரையைப் பிடித்து ஓட்டியதாகச் சந்தேகம் வந்தால் ஸ்டூவர்டுகள் விசாரிப்பார்கள், தடையும் விதிப்பார்கள். முறைகேடே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு தகவல் நிஜமாகவே கையில் இருப்பவர், அதை 2,000 ரூபாய்க்கு முகம் தெரியாதவருக்கு விற்பாரா? பலர் கட்டினால் விலை சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா?

டிப்புக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள், தானும் பந்தயம் கட்டப் போனோமே என்ற கூச்சத்தில் புகார் கொடுக்காமல் விட்டுவிடுவது உண்டு. பணம் போன தகவலை உடனே 1930 என்ற எண்ணில் சொன்னால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்க முயற்சி செய்வார்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன, அங்கே சைபர் கிரைம் பிரிவு இருக்கிறது. மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய நம்பர், யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். கோபத்தில் சாட்டை அழித்துவிட வேண்டாம், போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.